சொன்ன பணத்தைக் கொடுத்திருந்தால் கால்பா பிழைத்திருப்பாரா? (ரோம், கி.பி. 69)

திண்ணைவாசி எழுதியது:

ஒரு வாரமாக நீரோவுக்குப் பிந்தைய ஒன்றரை ஆண்டைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். கி.பி. 68 ஜூன் 9-இல் நீரோ சாகிறான். 69-ஆம் ஆண்டு முடிவதற்குள் கால்பா, ஓத்தோ, விட்டெலியஸ் என்று மூன்று பேர் ஏறி இறங்கி, நான்காவதாக வெஸ்பாசியன் வந்துவிடுகிறார். ஏறி இறங்கி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இருவரை வெட்டிக் கொன்றார்கள், ஒருவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

என் கேள்வி முதல் ஆளைப் பற்றியது. நீரோவைக் கைவிட வைப்பதற்காகக் காவற்படைத் தலைவன் நிம்ஃபிடியஸ் சபீனஸ், ரோமிலிருந்த பிரிட்டோரியன் வீரர்களுக்கு (பேரரசரின் காவற்படை அதுதான்) கால்பாவின் பெயரில் ஒரு வாக்குறுதி கொடுக்கிறான்: தலைக்கு 30,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்). ஏறக்குறைய அவர்களுடைய பத்தாண்டுச் சம்பளம். அவர்களும் நம்பி நீரோவை விட்டுவிடுகிறார்கள். கால்பா ஸ்பெயினிலிருந்து வந்து சேர்கிறார், வயது எழுபதுக்கு மேல். பணம் எங்கே என்று கேட்டால், "நான் படைவீரனைத் தேர்ந்தெடுப்பவன், விலைக்கு வாங்குபவன் அல்ல" என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 69 ஜனவரி 15-இல் நகர மன்றத்தின் (ஃபோரம் என்ற பொதுச் சதுக்கம்) நடுவில் தலை போய்விட்டது.

நான் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டு கணக்குப் பிரிவில் இருந்தவன். ஒரு தீபாவளிக்கு முன், பழைய மேலாளர் 20 விழுக்காடு போனஸ் என்று வாயால் சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். அடுத்து வந்தவர் "நானா சொன்னேன்?" என்று கேட்டார். யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை. எல்லா எந்திரமும் ஓடியது. இழை அறுந்தால் ஒட்ட மட்டும் ஆள் வரவில்லை. அந்த வாரக் கழிவுப் பஞ்சைப் பார்த்த பிறகுதான் மேலாளருக்குப் புரிந்தது.

கால்பாவுக்கு நடந்ததும் அதுதான் என்பது என் கட்சி. அந்தக் கிழவர் கொஞ்சம் கை நீட்டியிருந்தாலே படை வசப்பட்டிருக்கும் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே எழுதுகிறார். மறுப்பவர்கள் வரலாம்.

கொள்ளிடம் எழுதியது:

மறுக்கிறேன் ஐயா. நீங்கள் ரோம் நகரத்துக்குள்ளேயே நிற்கிறீர்கள். தீ பற்றியது ரைன் கரையில், அதுவும் ஜனவரி 15-க்கு இரண்டு வாரம் முன்பு.

ஜனவரி 1 என்பது லெஜியன்கள் (ரோமப் படையின் பெரும் பிரிவுகள்) பேரரசருக்கு ஆண்டு உறுதிமொழி எடுக்கும் நாள். இன்றைய மைன்ஸ் நகரம் இருக்கும் இடத்தில் 4-ஆம் லெஜியனும் 22-ஆம் லெஜியனும் ஒரே பாசறையில் இருந்தன. அன்று காலை அவர்கள் உறுதிமொழி எடுக்க மறுத்துக் கால்பாவின் உருவங்களை உடைத்தார்கள். 22-ஆம் லெஜியனைச் சேர்ந்த நான்கு செந்தூரியன்கள் (படை அதிகாரிகள்) மட்டும் தடுக்கப் பார்த்தார்கள், அவர்களை விலங்கிட்டார்கள். அன்று இரவே 4-ஆம் லெஜியனின் கழுகுக்கொடி தூக்குபவன் கொலோனுக்குப் போய், விருந்தில் இருந்த கீழ் ரைன் படைத் தலைவர் விட்டெலியஸிடம் செய்தி சொல்கிறான். மறுநாள் விட்டெலியஸ் பேரரசர்.

அந்தப் படைகளுக்கு என்ன கோபம்? முந்தைய ஆண்டு கால் (Gaul, இன்றைய பிரான்ஸ்) நாட்டில் விண்டெக்ஸ் நீரோவுக்கு எதிராக எழுந்தபோது அவனை வெசோன்டியோவில் அடித்து நொறுக்கியது இவர்கள்தான். அந்த விண்டெக்ஸ் கால்பாவின் கூட்டாளி. கால்பா வந்ததும் விண்டெக்ஸ் பக்கம் நின்ற கால் இனத்தாருக்குச் சலுகை, ரைன் படைகளோடு ஒட்டியிருந்த இனத்தாருக்குத் தண்டனை. தாங்கள் மதித்த தளபதி வெர்ஜினியஸ் ரூஃபஸையும் அப்புறப்படுத்திவிட்டு, கால் நோவோடு நடக்க முடியாத ஒரு கிழவரை அனுப்பிவைத்தார்கள். வென்றவன் குற்றவாளியாக நின்றான். இதில் போனஸ் எங்கே வந்தது? நிம்ஃபிடியஸின் வாக்குறுதி ரோம் காவற்படைக்குத்தானே.

புதுவாசகன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடிப்படையான சந்தேகம். நீரோவுக்குப் பிள்ளை இல்லை, சரி. சட்டப்படி அடுத்தது யார்? ஏதாவது ஒரு வரிசை இருந்திருக்கும் அல்லவா?

கோப்புக்கட்டு எழுதியது:

தம்பி, வரிசை கிடையாது. இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி நீங்கள் கேட்டதுதான்.

பேரரசர் என்று ஒரு பதவியே சட்டத்தில் இல்லை. அகஸ்டஸ் செய்தது பழைய குடியரசின் அதிகாரங்களைத் தனித்தனியாக வாங்கித் தன் கையில் சேர்த்துக்கொண்டதுதான். மக்கள் தீர்ப்பாளருக்குரிய அதிகாரம் ஒன்று, மாகாணப் படைகள் மீதான ஆணையுரிமை ஒன்று, தலைமைக் குரு பட்டம் ஒன்று. ஒவ்வொன்றும் அந்த ஆளுக்கு என்று தனியே வழங்கப்பட்டது. ஆள் போனால் எல்லாம் போய்விடும். நான் அரசு அலுவலகத்தில் இருந்தவன், என் மொழியில் சொல்கிறேன்: பணியிடமே உருவாக்கப்படாத ஒரு வேலை. காலியிடம் என்று அறிவிக்கவே முடியாது, பிறகு எப்படி நிரப்புவது?

நூறு ஆண்டு எப்படி ஓட்டினார்கள் என்றால், குடும்ப வழக்கத்தைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். அகஸ்டஸ் கி.பி. 4-இல் திபேரியஸைத் தத்தெடுத்தார். கிளாடியஸ் 50-இல் நீரோவைத் தத்தெடுத்தார், சொந்த மகன் பிரிட்டானிக்கஸ் இருக்கும்போதே. தத்து என்பது வீட்டுச் சொத்துக்கு வாரிசு சொல்லும் தனிச்சட்டம். படையும் செனட்டும் அதைப் பார்த்து "இவர்தான் போலும்" என்று தலையாட்டிக்கொண்டன. நீரோவோடு அந்த வீடே அழிந்துவிட்டது. கால்பா அந்த வீட்டு ஆள் இல்லை. ஆனாலும் சீசர் என்ற அவர்கள் குடும்பப் பெயரை எடுத்துச் சூட்டிக்கொண்டார். ஒரு குடும்பத்துப் பெயர் பதவியின் பெயராக மாறத் தொடங்குவதை அங்கே பார்க்கலாம்.

ரைன் செய்தி எட்டியதும் ஜனவரி 10-இல் அவரும் அதே தத்து வேலையைச் செய்தார். பீசோ என்ற முப்பது வயது உயர்குடி இளைஞனைத் தத்தெடுத்து, இடி மழைக்கு நடுவே காவற்படைப் பாசறையில் அறிவித்தார். அன்றும் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. (திண்ணைவாசி ஐயாவுக்கு இது ஒரு மதிப்பெண்.) பீசோவை டாசிட்டஸ் "நான்கு நாள் சீசர்" என்கிறார்.

திண்ணைவாசி எழுதியது:

மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டேன்.

கொள்ளிடம், உங்களுடைய கடைசி வரியில் ஒரு பிழை. வாக்குறுதி காவற்படைக்கு மட்டும் இல்லை. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க்கின் கணக்குப்படி காவற்படைக்குத் தலைக்கு 7,500 தெனாரியஸ் (ஒரு தெனாரியஸுக்கு நான்கு செஸ்டர்ஸ், ஆக அதே 30,000), வெளியில் இருந்த படைகளுக்குத் தலைக்கு 1,250. நீங்கள் சொல்லும் ரைன் வீரனுக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். ஐந்தரை ஆண்டுச் சம்பளம் வரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தவன்தான் அவனும். விண்டெக்ஸ் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. கோபத்தோடு வெறுங்கையும் சேர்ந்தால்தான் சிலையை உடைக்கத் தோன்றும்.

இன்னொன்று. கால்பா கொடுக்காமல் இருந்ததோடு நிற்கவில்லை, வசூலும் செய்தார். நீரோ வாரி இறைத்த 220 கோடி செஸ்டர்ஸில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி வாங்க ஒரு குழு அமைத்தார். நடிகனும் தேரோட்டியும் அந்தப் பணத்தை எப்போதோ தின்று தீர்த்திருந்தார்கள். நகரெங்கும் ஏலம், எங்கும் வழக்கு.

கொள்ளிடம் எழுதியது:

1,250 என் நினைவில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முழுமையாக உங்கள் பக்கம் வரமாட்டேன்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

நீங்கள் எல்லோரும் கணக்குப் போடுகிறீர்கள். எனக்கு அந்த ஜனவரி 15 காலையை விட்டு நகர முடியவில்லை.

கால்பா அப்பல்லோ கோயிலில் பலி கொடுத்துக்கொண்டிருக்கிறார். குறி பார்ப்பவர் குடலைப் பார்த்துவிட்டு, சதி நெருங்கிவிட்டது, பகைவன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான் என்கிறார். ஓத்தோ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அப்போது அவனுடைய ஆள் வந்து "கட்டடக்காரர்கள் காத்திருக்கிறார்கள்" என்று அழைக்கிறான். முன்பே பேசிவைத்த சொல். எங்கே போகிறாய் என்று கேட்டவர்களிடம், ஒரு பழைய வீட்டை விலை பேசியிருக்கிறேன், வாங்கும் முன் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நழுவுகிறான். நகர மன்றத்தில் பொன் மைல்கல் அருகே படையே காத்திருக்கும் என்று நம்பிப் போனால் இருந்தது 23 பேர். ஓத்தோவே பயந்துவிட்டான். அந்த 23 பேரும் அவனைப் பேரரசர் என்று கூவி, ஒரு பல்லக்கில் திணித்து, உருவிய வாளோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியில் இன்னும் அவ்வளவு பேர் சேர்ந்தார்கள், சிலர் விஷயம் தெரிந்து, பலர் வேடிக்கைக்கு.

சதியை முன்னின்று நடத்தியவர்களும் தளபதிகள் இல்லை. பார்பியஸ், வெட்டூரியஸ் என்ற இரண்டு கீழ்நிலைப் படையாட்கள். ஒருவன் இரவுக் காவலுக்கு அடையாளச் சொல்லைச் சுற்றுக்கு விடுபவன். ரோமப் பேரரசை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றித் தருவதாக இரண்டு படையாட்கள் பொறுப்பேற்றார்கள், மாற்றியும் தந்தார்கள் என்று டாசிட்டஸ் எழுதும் வரியைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

திண்ணைவாசி ஐயா, உங்கள் நூற்பாலை எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் டாசிட்டஸும் அதைத்தான் சொல்கிறார்: சிலர் துணிந்தார்கள், பலர் விரும்பினார்கள், எல்லோரும் நடக்கவிட்டார்கள். இழையை ஒட்ட ஆள் வரவில்லை. ஆனால் கொலைக்குப் பிறகு என்ன ஆயிற்று பாருங்கள். "நானும் அந்தக் கொலையில் பங்கெடுத்தேன், பரிசு வேண்டும்" என்று 120-க்கும் மேற்பட்டவர்கள் ஓத்தோவுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து அந்த மனுக்கள் விட்டெலியஸ் கையில் கிடைத்தன. ஒருவர் விடாமல் தேடிப் பிடித்துக் கொல்லச் சொன்னான். கால்பா மீது அன்பால் இல்லை, நாளைக்குத் தனக்கும் இதே கதி வரக்கூடாது என்பதற்காக.

கோப்புக்கட்டு எழுதியது:

எழுத்தில் எதையும் கொடுக்காதே என்று என் முதல் மேலதிகாரி சொன்னார். அவர் ரோம வரலாறு படித்தவர் இல்லை.

சுங்கச்சாவடி எழுதியது:

ஓத்தோவை வில்லனாக்கிவிட்டுப் போகாதீர்கள். ஏப்ரல் 14-இல் வட இத்தாலியில் பெட்ரியாக்கம் போரில் விட்டெலியஸின் படையிடம் தோற்றபோதும் ஆட்டம் முடியவில்லை. டான்யூப் லெஜியன்கள் அவனுக்காக வந்துகொண்டிருந்தன, முன்னணி அக்விலேயா வரை வந்துவிட்டது. காத்திருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் இன்னொரு போர் வேண்டாம் என்றான். தன்னைச் சார்ந்தவர்களைக் காட்டிக்கொடுக்கும் கடிதங்களை எல்லாம் எரித்தான். ஊரை விட்டுப் போகிறவர்களுக்குப் படகும் வண்டியும் ஏற்பாடு செய்தான். 16-ஆம் தேதி விடியலில் எல்லாம் முடிந்தது. ஆண்டது மூன்று மாதம்.

கொள்ளிடம் எழுதியது:

அதற்காக அவனைத் தியாகி ஆக்கவும் முடியாது. அனுபவமுள்ள தளபதி பாலினஸ், பொறுத்திருப்போம், டான்யூப் படை வரட்டும் என்று போருக்கு முன்பே கெஞ்சினார். கேட்காமல் போரைத் துரிதப்படுத்தியவன் ஓத்தோதான். தள்ளிப்போட்டிருந்தால் ஏப்ரலில் செத்தவர்கள் செத்திருக்க மாட்டார்கள். முடிவு அழகாக இருந்ததால் நடுவில் செய்ததை வரலாற்றாசிரியர்கள் மன்னித்துவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை.

என்னை இந்தக் கதையில் உலுக்குவது அக்டோபர் மாதம். அதே பெட்ரியாக்கம், கிரிமோனாவுக்குப் பக்கத்தில் இரண்டாம் போர். ஒரு பக்கம் விட்டெலியஸின் ரைன் லெஜியன்கள். மறுபக்கம் வெஸ்பாசியன் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்த டான்யூப் லெஜியன்கள், தலைமை அந்தோனியஸ் பிரைமஸ். வெஸ்பாசியன் அந்தப் பக்கமே இல்லை, கடல் கடந்து கிழக்கில் இருக்கிறார். ரைன் படைக்குத் தளபதியே கிடையாது. அவர்களுடைய தளபதி சேசினா கட்சி மாறப் பார்த்தான் என்று அவர்களே விலங்கு போட்டுவைத்திருந்தார்கள். அன்று ஒரே நாளில் முப்பது மைல் நடந்து வந்தவர்கள் கிரிமோனாவில் சாப்பிட்டுப் படுத்து எழுந்திருந்தால், காலையில் பசியிலும் குளிரிலும் கிடந்த எதிரியைத் துடைத்திருக்கலாம். பொறுக்கவில்லை. இருட்டிலேயே பாய்ந்தார்கள்.

இரவு முழுக்கப் போர். இரு பக்கமும் ஒரே ஆயுதம், ஒரே லத்தீன். அடையாளச் சொல்லைக் கேட்டுக் கேட்டு அதுவும் எதிரிக்குத் தெரிந்துவிட்டது. விட்டெலியஸ் பக்கம் ஒரு பெரிய கல்லெறி பொறி வரிசையையே நசுக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து வீரர்கள் இருவர், செத்தவர்களின் கேடயத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆட்களைப் போலவே உள்ளே புகுந்து பொறியின் கயிறுகளை அறுத்தார்கள். அங்கேயே வெட்டுப்பட்டார்கள். அவர்கள் பெயர் யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

பின்னிரவில் நிலவு டான்யூப் படையின் முதுகுப் பக்கம் எழுந்தது. நிழல் நீண்டு முன்னால் விழுந்ததால் எதிரிகள் நிழலைக் குறிவைத்து எறிந்தார்கள். விடிந்ததும் சிரியாவில் நெடுங்காலம் இருந்த 3-ஆம் லெஜியன், அந்த ஊர் வழக்கப்படி எழுகிற சூரியனை வணங்கி ஆரவாரித்தது. புதிய படை வந்துவிட்டது, அதைத்தான் வரவேற்கிறார்கள் என்று செய்தி பரவி விட்டெலியஸ் வரிசை தளர்ந்தது.

இனி சொல்லப்போவதை இரவில் படிக்க வேண்டாம். ஜூலியஸ் மன்சூட்டஸ் என்ற ஸ்பெயின்காரர் 21-ஆம் லெஜியனில் சேர்ந்து போனபோது வீட்டில் ஒரு சிறு மகனை விட்டுப்போனார். அவன் வளர்ந்து, கால்பா திரட்டிய 7-ஆம் லெஜியனில் சேர்ந்தான். அன்று இரவு எதிரில் வந்த ஒருவரை அடித்து வீழ்த்தி, உடலைத் துழாவும்போது முகம் தெரிந்தது. உயிர் இன்னும் போகவில்லை. தகப்பனைக் கட்டிக்கொண்டு, தன்னைச் சபித்துவிடாதே என்று ஆவியிடம் மன்றாடினான். பிறகு அந்த இடத்திலேயே குழி தோண்டினான். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், வரிசை முழுக்கப் பேச்சு பரவியது, எல்லோரும் போரைச் சபித்தார்கள். சபித்துக்கொண்டே தங்கள் உறவினரையும் சகோதரரையும் கொன்று உடைமையைப் பறித்தார்கள். கடைசி வாக்கியத்தையும் எழுதிவிட்டுத்தான் டாசிட்டஸ் அடுத்த வேலைக்குப் போகிறார்.

நள்ளிரவு வாசகி எழுதியது:

இரவில்தான் படித்தேன்.

அதற்குப் பிறகு கிரிமோனாவையே நான்கு நாள் சூறையாடினார்கள். ஊரில் மதிலுக்கு வெளியே இருந்த மெஃபிட்டிஸ் கோயில் ஒன்றுதான் மிஞ்சியது. பிடிபட்ட ஊர்க்காரர்களை அடிமைச் சந்தையில் விற்கப் பார்த்தபோது, இத்தாலியில் ஒருவரும் வாங்கவில்லை, சேர்ந்து மறுத்துவிட்டார்கள். விலைபோகாத ஆட்களை வீரர்கள் கொல்லத் தொடங்கினார்கள். அதைக் கேட்டு உறவினர்கள் கமுக்கமாகப் பணம் கொடுத்து மீட்டார்கள். அந்த மறுப்பைப் பாராட்டுவதா, அதனால் செத்தவர்களை நினைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

புதுவாசகன் எழுதியது:

விட்டெலியஸைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே? சாப்பாட்டு ராமன் என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.

சுங்கச்சாவடி எழுதியது:

மயில் மூளை, பூநாரை நாக்கு எல்லாம் போட்டு ஒரே தட்டில் சமைத்து, அதற்கு "மினர்வாவின் கேடயம்" என்று பெயர் வைத்தவர். அவரை ரைனுக்கு அனுப்பியது கால்பாதான். தின்பதைத் தவிர வேறு நினைப்பில்லாதவனிடம் அஞ்ச ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினாராம். ஆள் பார்த்து வேலை கொடுப்பதில் கால்பாவுக்கு இருந்த திறமைக்கு இது ஒன்றே போதும்.

கோப்புக்கட்டு எழுதியது:

சாப்பாட்டை விடுங்கள். அவர் கடைசியாகச் செய்ய முயன்றதை மட்டும் பாருங்கள். அவர் ராஜினாமா செய்யப் பார்த்தார்!

டிசம்பர் 18. வெஸ்பாசியனின் அண்ணன் சபீனஸ் அப்போது ரோம் நகரத்தின் பொறுப்பாளர். இருவரும் பேசி முடித்திருந்தார்கள்: உயிருக்கு உறுதி, பத்துக் கோடி செஸ்டர்ஸ். விட்டெலியஸ் கறுப்பு உடையில் அரண்மனையிலிருந்து இறங்கி வருகிறார். பின்னால் வீட்டார், ஒரு சிறு பல்லக்கில் குழந்தை மகன், பார்த்தால் சாவு ஊர்வலம் மாதிரி. கூட்டத்தின் முன் அழுதுகொண்டே, நாட்டின் அமைதிக்காக விலகுகிறேன் என்கிறார். இடுப்பில் இருந்த குத்துவாளை, அதுதான் உயிர் மீதும் சாவு மீதும் உள்ள அதிகாரத்தின் அடையாளம், எடுத்துப் பக்கத்தில் நின்ற கான்சலிடம் (ரோமின் உயர் ஆட்சியாளர்) நீட்டுகிறார். கான்சல் வாங்கவில்லை. கோயிலில் வைத்துவிட்டு வருகிறேன் என்று நகர்ந்தால் கூட்டம் வழியை மறித்து, அரண்மனைப் பாதையை மட்டும் திறந்துவிடுகிறது. திரும்பிப் போய்விட்டார்.

தம்பி கேட்ட கேள்விக்கு இது இரண்டாம் பாதி விடை. பதவியே சட்டத்தில் இல்லாதபோது ராஜினாமாவை வாங்கிக்கொள்ள யாருக்கு அதிகாரம்? அந்தக் கத்தியை வாங்க அன்று ரோமில் ஒரு கை இல்லை. மறுநாள் கேபிட்டல் குன்றில் ஜூபிட்டர் கோயில் எரிந்தது, சபீனஸ் கொல்லப்பட்டார். வெஸ்பாசியனின் இளைய மகன் டொமிஷியன் ஐசிஸ் பக்தர் வேடத்தில் தப்பினான். அதற்கடுத்த நாள் டான்யூப் படை நகரத்தில் நுழைந்தது. தெருவில் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், சனம் ஓரத்தில் நின்று கைதட்டுகிறது, ஒளிந்தவனைக் காட்டிக்கொடுக்கிறது. சட்டர்னாலியா விடுமுறைக் காலம் வேறு. விட்டெலியஸ் காவலாளி அறையில், வாசலில் நாயைக் கட்டி, கதவுக்குக் கட்டிலும் மெத்தையும் முட்டுக் கொடுத்து ஒளிந்திருந்தார். இழுத்து வந்து கொன்றார்கள். சாகுமுன் ஏளனம் செய்த அதிகாரியிடம், "இருந்தாலும் நான் உங்கள் பேரரசராக இருந்தவன்" என்றார். அது ஒன்றுதான் அவர் கம்பீரமாகப் பேசிய சொல் என்கிறார்கள்.

திண்ணைவாசி எழுதியது:

எல்லாம் படித்தேன். மகன் கதையைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஆனால் என் கேள்வி அங்கேயே நிற்கிறது. கடைசியில் வென்றவர் வெஸ்பாசியன். கிழக்கில் பணம் திரட்டி, எகிப்தின் தானியத்தைப் பிடித்துவைத்து வென்றார். உள்நாட்டுப் போருக்குப் பணம்தான் நரம்பு என்று அவருடைய கூட்டாளி மூசியானஸே சொன்னார். ஆக என் கட்சிதானே வென்றது?

கோப்புக்கட்டு எழுதியது:

மூசியானஸை மேற்கோள் காட்டினீர்கள், அதற்குச் சில பத்தி மேலே போய்ப் படியுங்கள். வெஸ்பாசியன், மற்றவர்கள் அமைதிக் காலத்தில் கொடுத்ததற்கு மேல் உள்நாட்டுப் போரில் கொடுக்கவில்லை என்று இருக்கிறது. படைக்கு லஞ்சம் தருவதில் அவர் உறுதியாகக் கையை மூடிக்கொண்டார், அதனால்தான் அவர் படை சிறந்ததாக இருந்தது என்று டாசிட்டஸ் மெச்சவே செய்கிறார். நால்வரில் கஞ்சத்தனத்துக்குப் பெயர்போன இருவர் கால்பாவும் வெஸ்பாசியனும். ஒருவர் ஏழே மாதத்தில் செத்தார், மற்றவர் பத்தாண்டு ஆண்டு நோயில் செத்தார். பணம் மட்டும் காரணம் என்றால் இந்தக் கணக்கு நேராகவில்லை.

என்ன வேறுபாடு என்று கேட்டால், கால்பா இன்னொருவன் கொடுத்த வாக்கின் மேல் ஏறி வந்துவிட்டு அந்த வாக்கை மறுத்தார். வெஸ்பாசியன் பெரிதாக வாக்கே கொடுக்கவில்லை. அதோடு அவருக்கு வளர்ந்த மகன்கள் இருவர். அடுத்தது யார் என்ற கேள்விக்கு அவர் வீட்டிலேயே விடை நின்றுகொண்டிருந்தது. பிற்காலத்தில் செனட்டில், எனக்குப் பின் என் மகன்கள் வருவார்கள் அல்லது ஒருவரும் வரமாட்டார்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னவர் அவர்.

ஓட்டுச்சில்லு எழுதியது:

எகிப்து என்றதும் ஒரு சிறு செய்தி. ஜூலை 1-இல் அலெக்சாந்திரியாவில் படைகளுக்கு வெஸ்பாசியன் பெயரில் முதலில் உறுதிமொழி எடுக்கவைத்தவர் எகிப்தின் ஆளுநர் திபேரியஸ் ஜூலியஸ் அலெக்சாண்டர். அலெக்சாந்திரிய யூதக் குடும்பம். மேல் எகிப்தில் கோப்டோஸ் நகரிலிருந்து செங்கடல் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோன ஒட்டகக்காரர்களின் ரசீதுகள் பானை ஓட்டில் எழுதிக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் இவருடைய சகோதரர் மார்க்கஸின் பெயரும் இருக்கிறது. மியோஸ் ஹோர்மோஸ், பெரெனிகே ஆகிய அந்தத் துறைமுகங்களிலிருந்துதான் நம் மேற்குக் கடற்கரைக்கு மிளகு வாங்கக் கப்பல் புறப்பட்டது. பேரரசர் யார் என்று அன்று முதலில் வாய்விட்டுச் சொன்ன வீட்டுக்கு, முசிறி என்ற பெயர் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

திண்ணைவாசி எழுதியது:

மிளகு இருக்கட்டும். என் கடைசி அம்பு: கி.பி. 193. காவற்படை பேரரசர் பெர்டினாக்ஸைக் கொன்றுவிட்டு, பாசறை வாசலில் பேரரசையே ஏலம் விட்டதா இல்லையா? சுல்பிசியானஸ் தலைக்கு 20,000 வரை வந்தார், தீதியஸ் ஜூலியானஸ் ஒரே தாவலில் 25,000 என்றார், சாவி அவர் கைக்குப் போனது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கொள்ளிடம் எழுதியது:

66 நாள். ஏலத்தில் எடுத்தவர் ஆண்டது அவ்வளவுதான். டான்யூபிலிருந்து செப்டிமியஸ் செவரஸ் கிளம்பி வந்தபோது, விலை வாங்கிக்கொண்ட அதே காவற்படை ஜூலியானஸுக்காக ஒரு வாளையும் உருவவில்லை. செவரஸ் அவர்களை ஆயுதமில்லாமல் நகருக்கு வெளியே வரச் சொல்லி, சுற்றி வளைத்து, படையையே கலைத்து விரட்டிவிட்டார். 25,000 கொடுத்தும் இழையை ஒட்ட ஆள் வரவில்லை ஐயா.

திண்ணைவாசி எழுதியது:

என் நூற்பாலையை வைத்தே என்னை அடிக்கிறீர்கள். சரி, பாதி இறங்கி வருகிறேன். கால்பா விஷயத்தில் மட்டும் இறங்கமாட்டேன்.

கோப்புக்கட்டு எழுதியது:

அந்தப் பாதிக்கு நன்றியாக ஒரு பொருளைக் காட்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மகளோடு ரோம் போனபோது கேபிட்டலைன் அருங்காட்சியகத்தில் பார்த்தது. ஏறக்குறைய ஆளுயர வெண்கலப் பலகை. 14-ஆம் நூற்றாண்டில் கோலா தி ரியென்சோ அதைக் கண்டெடுத்து மக்களுக்குப் படித்துக் காட்டினார். வெஸ்பாசியனுக்கு அதிகாரங்கள் வழங்கும் சட்டம். மகள் சிலைகளைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன், என் வாழ்நாள் முழுக்கத் தட்டச்சு செய்த நடை அதில் இருந்தது.

பல பிரிவுகளில் முன்னுதாரணம். அகஸ்டஸுக்கு அனுமதிக்கப்பட்டவாறே, திபேரியஸுக்கு அனுமதிக்கப்பட்டவாறே, கிளாடியஸுக்கு அனுமதிக்கப்பட்டவாறே. காலிகுலா, நீரோ பெயர் இல்லை. கால்பா, ஓத்தோ, விட்டெலியஸ் அப்படி யாரும் இருந்ததாகவே தெரியவில்லை. கடைசிக்கு முந்தைய பத்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தச் சட்டம் வருவதற்கு முன் வெஸ்பாசியன் செய்ததும், அவர் ஆணைப்படி மற்றவர்கள் செய்ததும், மக்கள் ஆணையால் செய்யப்பட்டவை போலவே செல்லும் என்கிறது. நம் அலுவலகங்களில் இதற்குப் பெயர் பின்னேற்பு. முதலில் செலவு செய்துவிட்டு மார்ச் மாதத்தில் ஆணை வாங்குவோமே, அதுவேதான். கிரிமோனாவும் அதற்குள் அடக்கம்.

வெஸ்பாசியன் தன் ஆட்சியாண்டை எண்ணியதும் செனட் ஏற்ற டிசம்பரிலிருந்து இல்லை. அலெக்சாந்திரியாவில் படை கூவிய ஜூலை 1-இலிருந்து.

புதுவாசகன் எழுதியது:

பலகையின் தொடக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது ஐயா? யார் யாருக்கு வழங்குகிறார்கள் என்று முதல் வரியில் இருக்குமே.

கோப்புக்கட்டு எழுதியது:

தொடக்கம் கிடைக்கவில்லை தம்பி. முன்னால் இன்னொரு பலகை இருந்திருக்க வேண்டும். நமக்குக் கிடைத்தது ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

திண்ணைவாசி எழுதியது:

அப்படியானால் போனஸ் கணக்கு அந்தத் தொலைந்த பலகையில் இருந்தது. மறுப்பவர்கள் பலகையோடு வரலாம்.